பாசியம்மாவின் புருஷன்

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெருக்களுக்குப் பின்னால், பெயரில் மட்டும் செழிப்பை வைத்துக்கொண்டு சுவரெல்லாம் காரை பெயர்ந்து நின்ற சௌபாக்யா என்க்ளேவ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில், ஏகாம்பரம் என்றொருவர் இருந்தார். இருந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பது அவர் மனைவி தில்லைநாயகியின் நெடுநாளைய அபிப்பிராயம். ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் அதே உட்காரலை வீட்டுக்குக் கொண்டுவந்து சாய்வு நாற்காலியில் தொடர்ந்தவர்; கையெட்டும் தூரத்தில் சொம்பு இருந்தாலும் "தண்ணி" என்று சுவரைப் பார்த்துச் சொல்பவர்; சொன்ன சொல் சமையலறைக்குப் போய்த் தானாகவே தண்ணீரோடு திரும்பி வருகிறது என்று மனதார நம்பியவர்.

வடகிழக்கு மூலையில் மீன் தொட்டி வைத்தால் வீட்டுக்கு வரும் கெடுதலை மீன் வாங்கிக்கொள்ளும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஏகாம்பரம் ஒரு நீளத் தொட்டியை வாங்கி, அதற்கு ஸ்டாண்டு வாங்க அலுப்புப்பட்டு, தரையிலேயே தெர்மாகோல் அட்டை போட்டு நாற்காலிக்கு எதிரில் வைத்தார். தண்ணீர் மாற்ற வேண்டும் என்று கடைக்காரன் சொன்னது அவர் காதில் விழவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒவ்வொரு மீன் செத்தபோதும் எதிர் வீட்டு ஜலஜாவும், மூன்றாவது மாடியிலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோதண்டமும் வந்து, "சாருக்கு வந்த கண்டம் மீனோட போச்சு" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஏகாம்பரம் பெரிய பெரிய ஆபத்துகளிலிருந்து தப்பியவரின் களைப்போடு தலையாட்டினார். செத்த மீனைக் கரண்டியால் அள்ளிக் குப்பையில் போட்ட தில்லைநாயகிக்கு மட்டும், அந்த மீன்களுக்கு வந்த கண்டம் யார் என்று தெரியும்.

கடைசியில் மீன் விற்றவனுக்கே இரக்கம் வந்துவிட்டது. "சார், உங்களுக்கு மீனு வேணாம். ஜாவா பாசி எடுத்துட்டுப் போங்க. மண்ணு வேணாம், உரம் வேணாம், வெயிலு வேணாம், தீனி வேணாம். கல்லு மேல மெல்லிசா பரத்தி, நூலால சுத்திக் கட்டி, உள்ள போட்டுட்டு மறந்துடுங்க. தானா புடிச்சிக்கும். அதைச் சாவடிக்கணும்னா ரொம்ப மெனக்கெடணும் சார்" என்று ஒரு கைப்பிடிப் பச்சையைத் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தான். தன் குணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஓர் உயிர் உலகத்தில் இருக்கிறது என்று ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது, அவர் அதைச் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கல் பால்கனியிலேயே கிடந்தது. நூல்தான் இல்லை. தையல் பெட்டி உள்ளறை அலமாரியில் இருந்தது, அதற்கு எழுந்து போக வேண்டும்; பூஜை மாடம் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது, கையை நீட்டினால் போதும். கையை நீட்டினார். அங்கே ஒரு பிளாஸ்டிக் கவரில், ஆடிப் பெருக்கன்று தில்லைநாயகி புதுச் சரடு மாற்றிக்கொண்டு கழற்றி வைத்த பழைய தாலிச் சரடு, மஞ்சள் வெளுத்து, ஓடும் தண்ணீரில் விடுவதற்காகக் காத்திருந்தது. கொளத்தூரில் ஓடுகிற தண்ணீர் ஏது, அடுத்த முறை கடற்கரைப் பக்கம் போகும்போது விட்டுக்கொள்ளலாம் என்று அவள் வைத்திருந்தாள். ஏகாம்பரம் அதை எடுத்துக் கல்லோடு பாசியைச் சேர்த்துச் சுற்றி, பதற்றமில்லாமல் மூன்று முடிச்சுப் போட்டு, தொட்டிக்குள் இறக்கிவிட்டார்.

மறுநாள் தில்லைநாயகி பார்த்தாள்.

"இது என் சரடு."

"எது?"

"அந்தக் கல்லுல சுத்தியிருக்கறது. நான் கழுத்துல போட்டிருந்தது."

"கழட்டினதுதானே. நூல்தானே" என்றார் ஏகாம்பரம்.

அவள் குனிந்து அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒரே இரவில் பாசி சரட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. விரல் வழுக்கியது. சரி, வைத்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, உண்மையிலேயே கொஞ்சம் அருவருப்போடு கையைக் கழுவிக்கொண்டாள். அவளுக்கு அப்போது அதைவிடப் பெரிய நினைப்பு ஒன்று இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வெகுகாலம் மேற்பார்வை பார்த்தவள் அவள். அந்த அனுபவத்தை வைத்துக் குன்னூரில் ஒரு பெண்கள் விடுதியில் காப்பாளர் வேலை கிடைத்திருந்தது. ஐப்பசி முதல் தேதி சேர வேண்டும். அங்கே அவளுக்கென்று ஓர் அறை, அதற்கு அவளிடம் மட்டும் ஒரு சாவி, ஜன்னலைத் திறந்தால் பனி, எந்த மூலையிலிருந்தும் "தண்ணி" என்று குரல் வராத ஒரு கட்டில். அந்தக் கட்டிலை நினைத்தாலே அவளுக்கு அழுகை வருமளவு சந்தோஷமாக இருந்தது. ஏகாம்பரத்திடம் சொன்னபோது அவர், "அப்போ எனக்குக் காபி?" என்று மட்டும் கேட்டார்.

ஆவணியில் ஒரு மத்தியானம் கரண்டு போனது. புழுக்கம் தாங்காமல் ஏகாம்பரம் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இரண்டு கால்களையும் தொட்டித் தண்ணீருக்குள் வைத்துச் சாய்ந்துகொண்டார். கரண்டு வந்தபோது பாசி கணுக்கால்வரை ஏறியிருந்தது. விளக்கேற்றும் நேரத்துக்கு முழங்கால், பிள்ளையார் சதுர்த்திக்குள் இடுப்பு, அப்புறம் மார்பு, தோள், கழுத்து என்று கட்டியவனை விடாமல் பிடித்துக்கொண்டு அது நிதானமாக ஏறி, முகத்தில் கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் விட்டு, தாடி போலத் தொங்கியது. வலியில்லை, பசியில்லை. ஏகாம்பரம் எழுந்திருக்கப் பார்க்கவில்லை. எழுந்திருக்கப் பார்க்காததால் எழுந்திருக்க முடியுமா என்பது யாருக்கும் தெரியாமலே போனது.

டாக்டர் வந்தார். கத்தரிக்கோலால் தோள்பட்டையில் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார், வெட்டிய இடத்தில் மறுநாள் இரண்டு மடங்கு அடர்த்தியாக வளர்ந்தது. நாடி பார்த்துவிட்டு, "என்னை விட இவர் நல்லா இருக்கார்" என்று சொல்லி, வெட்டியதை ஒரு டப்பாவில் போட்டுத் தன் வீட்டுத் தொட்டிக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு மனிதன் பச்சையாகிவிட்டானே என்று சௌபாக்யா என்க்ளேவில் ஒருவர்கூட வாயைப் பிளக்கவில்லை. அவர்களுக்கு இருந்த கவலை வேறு. சங்கம் கூடியது. பாசியை வளர்ப்புப் பிராணியாகக் கொள்வதா, கூடுதல் குடித்தனமாகக் கொள்வதா, பொதுத் தோட்டமாகக் கொள்வதா என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விவாதித்தார்கள். மாடியில் துணி காயவைக்கும் உரிமைக்காக வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள்கூட அன்று எழுந்து எழுந்து பேசினார்கள். கடைசியில் அது பொதுப் பசுமை என்றும், எனவே எல்லா வீட்டாருக்கும் வந்து பார்க்கும் பாத்தியதை உண்டு என்றும் கோதண்டம் அறிவித்தார். தில்லைநாயகியின் வீட்டுக் கதவு அன்றிலிருந்து சாத்தப்படவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

சரட்டைக் கண்டுபிடித்தவள் ஜலஜா. தொட்டிக்குள் குனிந்து பார்த்தவள், கல்லில் பாசிக்கு நடுவே மஞ்சள் தெரிவதையும், முடிச்சு மூன்று இருப்பதையும் கண்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தாலிச் சரட்டால் கட்டினால் கட்டினதுதான், ஐயா தெரிஞ்சு கட்டினாரோ தெரியாம கட்டினாரோ, இனிமே இவங்க வெறும் பாசி இல்ல, பாசியம்மா என்று அவள் சொன்னதும், அந்தச் செய்தி லிஃப்ட்டில் ஏறி இறங்கி எல்லா மாடிக்கும் போயிற்று. மறுநாளே பெண்கள் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூவோடு வந்து தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். மஞ்சளைக் கரைத்துத் தண்ணீரில் ஊற்றினார்கள், குங்குமத்தைத் தூவினார்கள், ஒருத்தி பாலையும் விட்டாள். வேறு எந்தச் செடியாக இருந்தாலும் அன்றைக்கே செத்திருக்கும். பாசி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இன்னும் பச்சையாயிற்று. தில்லைநாயகியைப் பார்த்து அவர்கள் "மூத்தவங்க" என்று மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள், அந்த மரியாதையில் கொஞ்சம் இரக்கமும் நிறையத் திருப்தியும் இருந்தன.

"அக்கா, உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்று ஜலஜா ஒருநாள் ஆசையாகக் கேட்டாள்.

"இருக்கு. இவ இப்படிப் பிடிச்சுப்பான்னு தெரிஞ்சிருந்தா கல்யாணம் ஆன வருஷமே போய் வாங்கிட்டு வந்திருப்பேன்."

பாசியில் புதிதாக இளந்தளிர் விட்டபோது ஜலஜாவுக்குச் சந்தேகம் வந்து, சந்தேகம் உறுதியாகி, புரட்டாசி பிறப்பதற்குள் பாசியம்மாவுக்கு வளைகாப்பு நடத்திவிட வேண்டும் என்று நாள் பார்த்தார்கள். தொட்டிக்குள் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று கலவைச் சாதம் அத்தனையும் கிளறியது தில்லைநாயகி. மூத்தவள் கையால் செய்தால்தான் விசேஷமாம். அடுப்பு முன்னால் வியர்த்து நின்றுகொண்டு, தன் புருஷனின் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பச்சைக்குத் தான் சீமந்தச் சமையல் செய்வதை நினைத்து அவள் ஒருமுறை சத்தமாகவே சிரித்தாள். கூடத்தில் இருந்தவர்கள் அதைப் பூரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். பந்தி முடிந்து இலை எடுத்ததும் அவள்தான்.

அதற்குப் பிறகு வந்தது முத்து. வெயில் பட்டால் நீர்ப்பாசி சின்னச் சின்னக் குமிழாக மூச்சு விடும். கொளத்தூரில் பிறந்த நண்டுசிண்டுகளுக்கும் அது தெரியும், அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் மீன் கடை வைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். ஆனாலும் ஏகாம்பரத்தின் கால் இடுக்கிலிருந்து குமிழ் வரிசையாகக் கிளம்பி மேலே வந்து உடைந்ததைப் பார்த்த நிமிடத்தில் அவர்கள் தெரிந்ததையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு, பாசியம்மா முத்துப் போடுகிறாள் என்றார்கள். முத்து வந்தால் உத்தரவு. வராவிட்டால் இல்லை. மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும், மேல் வீட்டுக் குளியலறை ஒழுகுகிறதா கீழ் வீட்டுக்காரர் பொய் சொல்கிறாரா, வேளச்சேரி வரனா தாம்பரம் வரனா, எல்லாம் தொட்டிக்கு முன்னால் கேட்கப்பட்டது. கேள்விக்கு முன்னால் பால்கனித் திரையை விலக்குவதும் இழுத்து மூடுவதும் கோதண்டத்தின் திருப்பணியாக இருந்தது. அவருக்குப் பிடித்த காரியமென்றால் திரை விலகியிருக்கும், பிடிக்காததென்றால் மூடியிருக்கும். வேறு யாருமே நிற்காத அந்த வருடத் தேர்தலில் அவரே மறுபடியும் செயலாளராகத் தொடர வேண்டுமா என்று கேட்டபோது, திரையைக் கழற்றியே வைத்திருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் ஏகாம்பரம் கண்ணைப் பாதி மூடி, ஒன்றும் பேசாமல், பெரிய ஞானம் பெற்றவர் போல வீற்றிருந்தார். ஐயா மௌனத்தில் இருக்கிறார் என்றார்கள். கூட்டம் கலைந்து, கதவு திறந்திருந்தும் ஆள் இல்லாத வேளையில் மௌனம் கலையும்.

"நாயகி, முதுகுல ஒரு மாதிரி அரிக்குது. சொறிஞ்சு விடு."

அவள் சொறிந்துவிட்டாள். ஈரமாக, சதசதவென்று இருந்தது. தண்ணீர் மாற்றுவது, வாளி தூக்குவது, உதிர்ந்த பூவையும் வளையலையும் பொறுக்குவது, வருகிறவர்களுக்கெல்லாம் காபி கலப்பது, எல்லாம் அவள்தான். அவருக்குச் சோறு வேண்டாம் என்பது ஒன்றுதான் மிச்சம். புரட்டாசி முடியப் போகிற சமயத்தில் அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் ஒண்ணாம் தேதி கெளம்பறேன்."

பாசிக்குள்ளிருந்து அவர் அவளைப் பார்த்தார். பிறகு நிதானமாக, உதடு மட்டும் அசைய, சிரித்தார். "எப்படிப் போவ? இவங்க உடுவாங்களா?"

அவ்வளவுதான். வீட்டில் ஒரு சண்டைகூடப் போடத் துப்பில்லாத மனிதர், ஒரு வார்த்தை கெஞ்சவோ அதட்டவோ மெனக்கெடாதவர், ஒரு பாசியையும் ஒரு குடியிருப்பையும் வைத்துக்கொண்டு தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார் என்று தில்லைநாயகிக்கு அந்தச் சிரிப்பில்தான் விளங்கியது. அவருக்கு எழுந்திருக்க இஷ்டமே இல்லை. அவள் பயந்துபோனாள். குன்னூர்க் கட்டில் கண்ணெதிரிலேயே தள்ளித் தள்ளிப் போவது போல இருந்தது.

பயந்தது போலவே நடந்தது. விஷயம் தெரிந்ததும் ஜலஜா ஓடி வந்தாள். "அக்கா, ஐயாவை இந்த நெலமையில விட்டுட்டா?"

"எந்த நெலமையில? கல்யாணம் ஆனதுலேருந்து இதே நெலமைதான். இப்போ பச்சையா இருக்கார், அவ்ளோதான்."

"அப்படிச் சொல்லாதீங்க. மூத்தவங்க இல்லாம எளையவங்க எப்படி? தண்ணி யாரு மாத்துவா?"

"தெனமும் காலையில இங்க இருபது பேர் கை கட்டி நிக்கறீங்களே, அதுல ஒரு கை வாளியத் தூக்காதா?"

ஜலஜா தன் கைகளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாள். கும்பிடுவது வேறு, வாளி தூக்குவது வேறு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, முகத்தில் தெரிந்தது. பக்தி என்று வந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் தருவார்கள், வேலை என்று வந்தால் ஆள் இருக்காது.

ஐப்பசி முதல் தேதி காலையில் தில்லைநாயகி சீக்கிரமே எழுந்து, தொட்டித் தண்ணீரைக் கடைசி முறையாக மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, குளித்துப் புடவை கட்டி, பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துவந்தாள். கூடம் நிறைந்திருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. அது அவர்கள் வழக்கமில்லை. கோதண்டம் வாசற்படியில் அகலமாக நின்றுகொண்டு, மிகுந்த பணிவோடு பேசினார்.

"மேடம், நாங்க தடுக்கல. ஆனா பாசியம்மா உத்தரவு இல்லாம மூத்தவங்க படி தாண்டறது இந்தக் கட்டடத்துக்கே நல்லது இல்லைன்னு எல்லாரும் ஃபீல் பண்றாங்க."

"உத்தரவு வந்தா?"

"வந்தா நாங்க யாரு மேடம் தடுக்கறதுக்கு?" என்றார் கோதண்டம், பால்கனித் திரை இழுத்து மூடியிருப்பதை ஒருமுறை கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்றாள் தில்லைநாயகி. கேட்டுக்கொண்டதாகக் கூடம் தலையாட்டியது. அவள் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, இத்தனை நாளும் தட்டு ஏந்தி வந்தவர்களெல்லாம் நின்ற இடத்தில் போய் நின்றாள், அந்த இடத்தில் அவள் நின்றதே இல்லை. ஏகாம்பரம் பாதி மூடிய கண்ணோடு வீற்றிருந்தார். உதட்டோரம் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

"இரு, இருட்டா இருக்கு" என்று பாசியிடம் சொல்லிவிட்டு அவள் போய்த் திரையை ஒரே இழுப்பாக இழுத்துத் தள்ளினாள்.

கோதண்டம் ஓர் எட்டு எடுத்து வைத்தார், பிறகு அத்தனை பேர் கண்ணும் தன் மேல் இருப்பதைப் பார்த்து நின்றுகொண்டார். ஐப்பசி வெயில், மழைக்கு நடுவில் கிடைத்த கொழுத்த வெயில், புதுத் தண்ணீருக்குள் நேராக இறங்கி, ஏகாம்பரத்தின் பச்சைக் கால்களின் மேல் விழுந்தது.

"நான் போகட்டுமா?" என்று தில்லைநாயகி கேட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைவிரல் இடுக்கிலிருந்து ஒரு குமிழ் கிளம்பியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் கணுக்காலிலிருந்தும் கெண்டைக்காலிலிருந்தும் கல்லிலிருந்தும் மஞ்சள் சரட்டின் முடிச்சிலிருந்தும் குமிழ்கள் சரம் சரமாக எழும்பி, மேலே வந்து வந்து உடைந்து, தண்ணீர் முழுக்க மினுமினுத்தது. இவ்வளவு முத்தை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். ஜலஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"போகாத."

எல்லோரும் திரும்பினார்கள். ஏகாம்பரம் கண்ணை முழுவதும் திறந்திருந்தார். சிரிப்பைக் காணோம்.

"போகாத, நாயகி. நான் சொல்றேன். அவ போகக் கூடாது. உத்தரவு கித்தரவு ஒண்ணும் இல்ல, வெயில் பட்டா அப்படித்தான் வரும். அவ போயிட்டா எனக்கு யாரு..."

"ஸ்ஸ்!" என்றாள் ஜலஜா கோபமாக. "உத்தரவு வந்துட்டு இருக்கும்போது குறுக்கப் பேசாதீங்க சார்."

ஐயா சாராகிவிட்டதை அவர் அந்தக் கணத்திலேயே கவனித்திருக்க வேண்டும். "நான்தாம்மா உத்தரவு" என்றார் அவர். "என் மேலதானே பாசி இருக்கு? என்னத்தானே கும்பிட்டீங்க இத்தனை நாளா?"

கூடத்தில் எல்லோரும் நெளிந்தார்கள். மரியாதை தெரியாத ஒருவர் விசேஷ வீட்டில் எழுந்து சொந்தப் பெருமை பேசும்போது உண்டாகும் நெளிவு அது. கோதண்டம் தொண்டையைச் செருமிக்கொண்டார். தேர்தல் வரைக்கும் யோசித்துப் பார்த்திருப்பார். முத்து பொய் என்று இன்று விட்டுவிட்டால், முத்தால் கிடைத்த தன் செயலாளர் பதவியும் மோட்டார் அறைச் சாவியும் நாளைக்குப் பொய்யாகும்.

"உங்களைக் கும்பிட்டோமா?" என்றார் அவர். "பாசியம்மா புடிச்சு நிக்கறதுக்கு ஒரு கல்லு வேணும் சார். நீங்க இருந்தீங்க. அவ்ளோதான். சும்மா இருங்க."

ஏகாம்பரம் எழுந்திருக்கப் பார்த்தார். முதல் முறையாக, உண்மையாகவே, நாற்காலியின் கையை அழுத்திக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நாலு பேர், பாசி கலைந்துவிடுமே என்று பதறி, அவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்கள்.

தில்லைநாயகி அவர் முகத்தைப் பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடியும் பார்த்தாள், வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"கோதண்டம் சார், லிஃப்ட் ஓடலைன்னு நெனைக்கறேன்" என்றாள். "பெட்டி கொஞ்சம் கனம்."

உத்தரவு வந்தவருடைய பெட்டி அல்லவா. செயலாளர் குனிந்து, அதைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கிப் போனார்.